பின்சக்கர இரைச்சலைக் கண்டுபிடித்துத் தந்த பாளையங்கோட்டைப் பட்டறை: ஒரு மதிப்புரை

பழைய சிறிய கார்களின் பின்சக்கரத்தில் எழும் இரைச்சலுக்குக் காரணம் கண்டுபிடிப்பதை ஒரு தனி வேலையாக மதித்து, அதற்கென்று தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு செய்து தரும் சிறிய பட்டறை ஒன்று பாளையங்கோட்டையில், சமாதானபுரம் பக்கம் இருக்கிறது. என்னுடைய 2009 ஆம் ஆண்டு மாருதி ஆல்டோவை அங்கே விட்டுச் சரிசெய்து, பிறகு மழையிலும் வெயிலிலும் நெடுஞ்சாலையிலும் நன்றாக ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். உரிமையாளரும் ஒரு உதவியாளரும் மட்டுமே வேலை பார்க்கும் இடம் என்பதால் கூட்டம் சேர்ந்தால் சமாளிக்க முடியாது என்றும், பெயரைப் போட வேண்டாம் என்றும் அவர் கேட்டுக்கொண்டார். அதனால் கடையின் பெயரை விட்டுவிட்டு, வேலை நடந்த விதத்தை மட்டும் விரிவாக மதிப்பிடுகிறேன். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி வட்டாரத்தில் எந்த மெக்கானிக்கிடம் போனாலும், அவர் சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன்பு என்னென்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

முதலில் சத்தத்தின் தன்மை. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் வரை ஒன்றும் கேட்காது. 40 ஐத் தாண்டியதும், தூரத்தில் ஓடும் மாவு மில்லைப் போன்ற ஓர் உறுமல் பின்னிருக்கைக்கு அடியிலிருந்து தொடங்கும். வேகம் கூடக் கூட அதுவும் உரத்துக்கொண்டே போகும். 70 ஐ எட்டும்போது பின்னால் உட்கார்ந்திருப்பவர் முன்னால் இருப்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டியிருக்கும். கிளட்சை மிதித்தாலும் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தாலும் சத்தத்தில் எந்த மாற்றமும் இராது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டியின் வேகம் குறைகிற அளவுக்குத்தான் சத்தமும் மெல்ல இறங்கும்.

இந்தச் சத்தத்துக்காக இதற்கு முன் ஊருக்குள் வேறு சில இடங்களில் காட்டியிருந்தேன். ஒரு டயர் கடையில் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, நான்கு டயரையும் மாற்றினால் சத்தம் போய்விடும் என்றார்கள். வேறொரு ஒர்க்‌ஷாப்பில் பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றச் சொன்னார்கள். இரண்டு இடத்திலும் வண்டியை ஜாக்கியில் ஏற்றவும் இல்லை, ஓட்டிப் பார்க்கவும் இல்லை. அவர்கள் சொன்னது நடக்கவே முடியாத காரியம் என்று நான் சொல்ல மாட்டேன். டயர் சீரில்லாமல் தேய்ந்திருந்தால் இதே மாதிரி உறுமும். ஷாக் அப்சார்பர் செத்துப்போனால் டயர் தரையில் துள்ளித் துள்ளி ஓடி மேடும் பள்ளமுமாகத் தேய்ந்து அதே உறுமலைக் கொடுக்கும். ஆனால் சோதிக்காமல் சொல்லும் ஊகத்துக்கு வண்டிக்காரர்தான் பணம் கட்ட வேண்டியிருக்கிறது. ஊகம் தப்பினாலும் மாற்றிய டயரைக் கடைக்காரர் திரும்ப வாங்கிக்கொள்வதில்லை. பழைய கார் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் புதியது வாங்க வசதியில்லாமல் வைத்திருப்பவர்கள் என்பதால் இது எனக்கு உண்மையிலேயே மனவருத்தம் தரும் விஷயம்.

சமாதானபுரம் பட்டறையில் வேலை கேள்வியில் தொடங்கியது. எந்த வேகத்தில் ஆரம்பிக்கிறது, ஆள் ஏறினால் கூடுகிறதா, பிரேக் பிடித்தால் மாறுகிறதா, வளைவில் எப்படி, காலையில் முதலில் எடுக்கும்போது கேட்கிறதா அல்லது ஓடிச் சூடான பிறகா, டயர் எப்போது மாற்றியது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார். கடைசியாக அவர் கேட்டதுதான் வேறு யாரும் என்னிடம் கேட்டிராத கேள்வி: “வண்டி வெள்ளத்துல நின்னுதா அண்ணாச்சி?”

நின்றது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் பதிவான அந்த மழையில், தாமிரபரணி கரையை மீறி வந்து வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம், சந்திப்புப் பகுதிகளில் புகுந்தது. என் வண்டி தெருவின் சரிவில், இடப்பக்கச் சக்கரங்கள் வாய்க்காலை ஒட்டித் தாழ்ந்த நிலையில் நின்றுகொண்டிருந்தது. எஞ்சினுக்குள் தண்ணீர் போகவில்லை; சக்கரங்கள் மட்டும் முழுகின. தண்ணீர் வடிந்த பிறகு எஞ்சின் ஆயில், கியர் ஆயில் மாற்றி, பிரேக்கைச் சுத்தம் செய்து கொடுத்தார்கள். சக்கரம் உரசலில்லாமல் சுழல்வதற்காக இரண்டு எஃகு வளையங்களுக்கு நடுவே குண்டுகள் உருளும் பேரிங் பற்றிய பேச்சே அப்போது எழவில்லை.

இதன் விளைவு உடனே தெரியாது என்று அவர் விளக்கினார். ஓடி வந்து நிறுத்திய வண்டியின் பேரிங் சூடாக இருக்கும். குளிர்ந்த தண்ணீர் சூழ்ந்ததும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, பேரிங்குக்குள் தண்ணீர் போகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் தேய்ந்திருந்தால் அதன் உதட்டு வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். கிரீஸுடன் தண்ணீர் கலந்தால் அதன் வழுக்கும் தன்மை கெடும்; குண்டுகள் ஓடும் பாதையில் புள்ளி புள்ளியாகத் துரு பிடிக்கும். துருவேறிய இடத்தின் மேல் குண்டு திரும்பத் திரும்ப உருளும்போது எஃகின் மேல்தோல் செதில் செதிலாகப் பெயரும். இப்படி முற்றிச் சத்தம் வெளியே கேட்கும் நிலைக்கு வர மாதக் கணக்கு ஆகலாம், சில வண்டிகளில் ஆண்டுக்கு மேலும் ஆகலாம். அந்த வெள்ளத்தில் நின்ற கார்களை வைத்திருக்கும் நெல்லை, தூத்துக்குடி, ஸ்ரீவைகுண்டம், ஏரல் வட்டாரத்து வாசகர்கள் இந்த ஒரு பத்தியையாவது மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம்.

ஆனால் வெள்ளம் என்று கேட்டதுமே அவர் பேரிங் என்று முடிவு கட்டிவிடவில்லை என்பதுதான் இந்தப் பட்டறையின் மேல் எனக்கு மதிப்பு வரக் காரணம். ஆல்டோ முன்சக்கரங்களால் இழுக்கப்படும் வண்டி. மாருதி 800, ஜென், சான்ட்ரோ ஆகியவையும் அப்படியே. இவற்றின் பின்சக்கரங்கள் வெறுமனே உருண்டு வருபவை. அவற்றோடு எந்தப் பல்சக்கரமும் இணைக்கப்படவில்லை. ஆகவே பின்னாலிருந்து வரும் உறுமலுக்கு டயர், பிரேக், பேரிங் என்ற மூன்று காரணங்களையும், கூடவே தளர்ந்து தொங்கும் பொருள்களையும் மட்டும் பார்த்தால் போதும். ஆம்னி, அம்பாஸிடர், பத்மினி போன்ற வண்டிகளில் இழுவை பின்சக்கரத்துக்குப் போவதால், இழுவையைப் பின்னால் கொண்டுபோகும் நீளத் தண்டும், அதை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலும் கணக்கில் சேர்ந்துவிடும். டிஃபரன்ஷியலின் ஊளை ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் மாறும் என்பதை வைத்து அதைப் பிரித்தறிய வேண்டும். நானோவில் எஞ்சினே பின்னால் இருப்பதால் அதன் கதை வேறு.

தொங்கும் பொருள்களிலிருந்து தொடங்கினார். டிக்கியில் இருந்த ஜாக்கி, வீல் ஸ்பேனர், ஸ்டெப்னி எல்லாவற்றையும் இறக்கி வைத்தார். சைலன்சர் குழாயைத் தாங்கும் ரப்பர்களை ஆட்டிப் பார்த்தார். இவையெல்லாம் பள்ளத்தில் இறங்கும்போது தடதடக்குமே தவிர, சமதளச் சாலையில் சீராக உறுமாது. ஆனாலும் காது கூர்மையாகக் கேட்க வேண்டுமென்றால் மற்ற சத்தங்களை முதலில் அடக்க வேண்டும் என்பது அவர் வாதம். சரியான வாதம்தான்.

அடுத்து டயர். உள்ளங்கையை டயரின் தரைபடும் முகத்தில் வைத்து, முன்னிருந்து பின்னாகவும் பின்னிருந்து முன்னாகவும் தடவினார். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் முள்ளாகவும் கையில் தட்டினால் அந்த முகத்தில் உள்ள ரப்பர் கட்டைகள் ஒருபுறம் சாய்ந்து தேய்ந்திருக்கின்றன என்று பொருள். இடது பின் டயரில் அப்படி லேசாகத் தட்டியது. என் கையையும் வைத்துப் பார்க்கச் சொன்னார். டயரின் பக்கச் சுவரில் இருக்கும் நான்கு இலக்க எண்ணையும் படித்துக் காட்டினார். அதில் முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வாரத்தையும், அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 3221 என்றிருந்தால் 2021 ஆம் ஆண்டின் 32 ஆவது வாரம். பழைய கார்கள் குறைவாக ஓடுவதால், கட்டை தேயாமலே ரப்பர் முதிர்ந்து இறுகிவிடுகிறது. அப்படி இறுகிய டயரும் இரைச்சல் போடும்.

டயரில் சந்தேகம் இருந்ததால் அவர் செய்தது எளிய காரியம். முன் டயர்களைப் பின்னாலும் பின் டயர்களை முன்னாலும், இடம் இடத்திலேயே வலம் வலத்திலேயே இருக்கும்படி மாற்றிப் பூட்டினார். சத்தம் டயரிலிருந்து வந்தால் டயரோடு முன்னால் வந்துவிடும். வராமல் பின்னாலேயே நின்றால் டயர் குற்றமற்றது. செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்ய அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நான்கு டயரை விற்க நினைத்த கடையில் இதைச் செய்திருந்தால் அவர்களே உண்மையைத் தெரிந்துகொண்டிருப்பார்கள்.

பிறகு அவர் ஓட்ட, நான் பின்னிருக்கையில் உட்கார, கேடிசி நகர் தாண்டித் தூத்துக்குடி நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் போனோம். டயர் மாறியும் உறுமல் பின்னாலேயே இருந்தது. எனக்குத் தெளிவாகக் கேட்டது. பழைய சொரசொரப்பான தாரிலும் புதிதாகப் போட்ட வழுவழுப்பான தாரிலும் ஒரே வேகத்தில் ஓட்டிக் காட்டினார். டயர் சத்தமாக இருந்தால் சாலையின் தோல் மாறும்போது அதன் சுருதியும் மாறும். பேரிங்குக்குச் சாலை எப்படியிருந்தாலும் ஒன்றுதான். என் வண்டியின் உறுமல் கொஞ்சமும் அசையவில்லை. இதில் நெல்லைக்காரர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு சொல்ல வேண்டும்: ஆனி, ஆடி மாதங்களில் வள்ளியூர், பணகுடி பக்கம் நாற்கர சாலையில் இந்தச் சோதனையைச் செய்து பயனில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று கண்ணாடி இடுக்கில் போடும் சத்தத்தில் வேறெதுவும் காதில் விழாது.

எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க, போக்குவரத்து இல்லாத இடமாகப் பார்த்து, 50 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங்கை வலமும் இடமுமாக மென்மையாக வளைத்து ஓட்டினார். வலப்பக்கம் திருப்பும்போது வண்டியின் பாரம் இடப்பக்கச் சக்கரங்களின் மேல் சாயும். இடது பேரிங் கெட்டிருந்தால் அந்த நேரத்தில் சத்தம் கூடும்; இடப்பக்கம் திருப்பும்போது பாரம் விலகிக் குறையும். என் வண்டியில் வலம் திருப்பும்போது உறுமல் பளிச்சென்று உயர்ந்தது. இது எப்போதும் தப்பாத சோதனை அல்ல என்பதையும் அவரே சொன்னார். சில பேரிங்குகள் எந்தப் பாதையில் கெட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து நேர்மாறாகவும் பாடும். ஆகவே இதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

திரும்பி வரும் வழியில், பொத்தானை அழுத்திப் பிடித்தபடி ஹேண்ட் பிரேக்கை ஓரிரு பல் அளவுக்கு இழுத்துப் பார்த்தார். சக்கரத்தோடு சுழலும் டிரம் என்ற இரும்புக் கிண்ணத்தில் பிரேக் ஷூ என்ற பிறைவடிவப் பாகம் உரசுவதால் வரும் சத்தமானால் அப்போது மாறும். மாறவில்லை. சந்துக்குள் மிக மெதுவாகவும் ஓட்டினார். அதற்கு அவர் சொன்ன காரணம் எனக்குப் புதிது. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டும் பார்த்தேன். ஆல்டோவின் டயர் அளவு 145/80 ஆர்12. அதன் சுற்றளவு ஏறக்குறைய 1.7 மீட்டர் வரும். 60 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்குப் பத்துச் சுற்று சுற்றுகிறது. 20 கிலோமீட்டரில் மூன்று சுற்றுக்குச் சற்று அதிகம். டயரில் ஒரு மேடு இருந்தாலோ, டிரம் ஓரிடத்தில் கோணலாக இருந்து ஷூவில் தொட்டாலோ, அது சுற்றுக்கு ஒரு முறைதான் அடிக்கும். மெதுவாகப் போகும்போது அந்தச் ‘சர்... சர்...’ சத்தத்தைக் காதாலேயே எண்ணிவிடலாம். பேரிங்கில் பழுது இருந்தால் ஒவ்வொரு குண்டும் அந்தப் புண்ணைத் தாண்டும்போது ஒரு அடி விழும்; ஒரு சுற்றுக்குள் பல அடிகள் விழுவதால் அவை ஒன்றோடொன்று சேர்ந்து தொடர்ந்த உறுமலாகிவிடும். என் வண்டியில் எண்ணக்கூடிய சத்தம் எதுவும் இல்லை.

பட்டறைக்கு வந்ததும் முதல் வேலையாக இரண்டு பின்சக்கரங்களின் நடுப்பகுதிக்கு அருகே கையைக் கொண்டுபோய்ச் சூடு பார்த்தார். பெரிய வித்தியாசம் இல்லை. பிரேக் பிடித்துக்கொண்டே ஓடியிருந்தால் ஒரு பக்கம் கொதித்திருக்கும். ஆகவே அதுவும் விலக்கப்பட்டது. முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கியில் தூக்கி, அடியில் இரும்பு ஸ்டாண்டு கொடுத்த பிறகுதான் உதவியாளரைச் சக்கரத்தின் பக்கம் அனுப்பினார். “ஏல, ஜாக்கிய மட்டும் நம்பி அடியில கைய விடாத” என்று அந்தப் பையனிடம் அவர் சொன்னதைக் கேட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது. வெறும் ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்யும் காட்சியை நம் ஊர்ச் சாலையோரங்களில் அடிக்கடி பார்க்கிறோம்.

சக்கரத்தின் உச்சியையும் அடியையும் இரண்டு கைகளால் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இருக்கிறதா என்று தெரியும். இடது சக்கரத்தில் ஆட்டமே இல்லை. இங்கேதான் பலரும் பேரிங் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடுகிறார்கள் என்றார் அவர். பாதை உரிந்து சத்தம் போடத் தொடங்கி வெகுநாள் கழித்துத்தான் ஆட்டம் வரும். ஆட்டம் வந்துவிட்டால் வண்டியை ஓட்டவே கூடாது. பிறகு ஒரு கையைப் பின்புறக் காயில் ஸ்பிரிங்கின் மேல் லேசாக வைத்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுழற்றினார். என்னையும் செய்யச் சொன்னார். முதலில் வலப்பக்கம்: சக்கரம் சுழல்வதே கையில் தெரியவில்லை. அடுத்து இடப்பக்கம்: ஸ்பிரிங்கின் இரும்பு வழியாக ஒரு கரகரப்பு, மணலைத் தொட்டதுபோல விரல் நுனியில் ஏறியது. காதுக்கு எதுவும் கேட்காத வேகம்தான். ஆனால் விரலுக்குச் சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் தெரிந்தது. வண்டியின் சொந்தக்காரருக்குத் தன் கையாலேயே பழுதை உணரும் வாய்ப்பைக் கொடுக்கும் மெக்கானிக்கை நான் இதற்கு முன் சந்தித்ததில்லை. இதற்குப் பிறகுதான், “இப்பக் கழத்தலாமா அண்ணாச்சி?” என்று அனுமதி கேட்டார்.

நடுமூடியைத் தட்டி எடுத்து, நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின்னை நிமிர்த்தி உருவி, நட்டைக் கழற்றியதும் டிரம் வெளியே வந்தது. இந்த ஆல்டோவில் பின்பக்க பேரிங்குகள் டிரம்முக்குள்ளேயே உட்கார்ந்திருக்கின்றன. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. இரண்டுக்கும் நடுவில் ஒரு குழாய் போன்ற ஸ்பேசர். உள்பக்கத்தில் தண்ணீரும் புழுதியும் நுழையாமல் தடுக்கும் ஆயில் சீல். வெளி பேரிங்கின் கிரீஸ் கறுத்திருந்தாலும் கிரீஸாகவே இருந்தது. உள் பேரிங்கில் இருந்தது சாம்பல் வெளுப்பான, தண்ணீர் கலந்து கெட்டுப்போன குழம்பு. மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, டார்ச் அடித்துக் காட்டினார். வெளி வளையத்தின் பாதையில் ஏறக்குறைய ஒரு விரல் அகலத்துக்குத் துருப்புள்ளிகளும், அவற்றின் ஓரத்தில் தோல் பெயர்ந்த சிறு குழிகளும் இருந்தன. வளையத்தைச் சுற்றிவரும்போது அந்த இடத்தில் மட்டும் விரலில் தட்டித் தட்டி நின்றது. சீலின் உதடு இறுகி வெடித்திருந்தது. தண்ணீர் போன வழி அதுதான். தயாரிப்பில் குறை என்று சொல்ல இதில் எதுவும் இல்லை. பதினைந்து ஆண்டு தாண்டிய ரப்பரும் ஒரு பெருவெள்ளமும் சேர்ந்து செய்த வேலை.

இதே சமயத்தில் பிரேக்கையும் பார்த்தார். ஷூவின் மேல் உரசும் பட்டையான லைனிங் போதுமான கனத்தில் இருந்தது, ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரில் கசிவு இல்லை, ஹேண்ட் பிரேக் கேபிள் தாராளமாக வந்து போயிற்று. மாற்ற வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார்.

டிரம்மிலிருந்து பேரிங்கை எடுத்து, புதியதை ஏற்ற, பக்கத்திலிருந்த லேத் கடைக்கு அனுப்பினார். சுத்தியலால் அடித்து ஏற்றிவிட்டால் இந்தச் செலவு மிச்சமாகும். பல இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் பேரிங்கை டிரம்முக்குள் ஏற்றும்போது அழுத்தம் வெளி வளையத்தின் மேல் மட்டுமே விழ வேண்டும். உள் வளையத்தில் அடித்தால் அந்த அடி குண்டுகள் வழியாகப் பாதைக்குப் போய், கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களைப் பதித்துவிடும். புது பேரிங் போட்ட சில வாரங்களிலேயே மறுபடி சத்தம் வருவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கிறது. லேத் கடையின் பிரஸ்ஸில் சரியான அளவு வளையம் வைத்து நிதானமாக ஏற்றினார்கள். நடுவில் ஸ்பேசர் இருக்கிறதா என்று அவர் இரண்டாம் முறையும் கேட்டு உறுதிசெய்துகொண்டார். அதை மறந்துவிட்டு நட்டை முடுக்கினால் இரண்டு உள் வளையங்களும் ஒன்றை நோக்கி ஒன்று இழுக்கப்பட்டு, பேரிங் அன்றே இறுகிச் சூடேறத் தொடங்கிவிடும்.

பாகம் வாங்கும் விஷயத்தில் அவர் தானே வாங்கி வந்து விலை சொல்லவில்லை. எண்ணை எழுதிக் கொடுத்து, நம்பகமான கடையில் என்னையே வாங்கி வரச் சொன்னார். பேரிங்கில் போலிகள் மிகுதி. பெட்டியின் அச்சு மங்கலாக இருக்கிறதா, வளையத்தில் பொறித்த எண்ணும் பெட்டியில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். எஸ்கேஎஃப் போன்ற நிறுவனங்கள் தங்கள் பொருள் அசலா என்று சரிபார்க்கக் கைபேசிச் செயலியே வைத்திருக்கின்றன. மிக மலிவாகக் கிடைத்த பேரிங்கைச் சக்கரத்தில் போடுவது சேமிப்பு ஆகாது. முற்றிலும் கெட்ட பேரிங்கில் குண்டுகளைப் பிரித்து நிறுத்தும் கூடு உடைந்தால், சக்கரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே இறுகிப் பிடிக்கலாம், அல்லது அச்சே தேய்ந்து சக்கரம் நிலை தவறலாம். நாற்கர சாலையில் அப்படி நேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இடப்பக்கத்தில் உள், வெளி இரண்டு பேரிங்கையும் சீலையும் காட்டர் பின்னையும் மாற்றினோம். ஒன்று நன்றாக இருந்தாலும் டிரம்மைப் பிரித்த பிறகு இரண்டையும் மாற்றுவதுதான் முறை. எடுக்கும்போதே அது அழுத்தம் வாங்கியிருக்கும். வலப்பக்கத்தையும் சேர்த்து மாற்றிவிடலாமா என்று நானாகக் கேட்டேன். கையில் கரகரப்பு இல்லாத பேரிங்கைக் கழற்ற வேண்டாம், அடுத்த மழைக்காலம் முடிந்ததும் கொண்டுவந்து காட்டினால் போதும் என்று மறுத்துவிட்டார். கேட்ட வேலையையே வேண்டாம் என்று சொல்லும் கடை என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதத் தோன்றியது.

கட்டணம்: சோதனைக்கு 300 ரூபாய், பழுது பார்த்தால் அது கூலியில் கழிக்கப்படுகிறது. பாகங்கள், லேத் செலவு, கூலி எல்லாம் சேர்ந்து 3,000 ரூபாய்க்குள் முடிந்தது. நான்கு டயருக்குச் சொன்ன விலையோடு ஒப்பிட்டால் இது சிறு தொகை. அப்படி ஒப்பிடாமல் பார்த்தாலும், செய்த வேலைக்கு நியாயமான தொகைதான்.

குறைகளும் உண்டு, அவற்றைச் சொல்லாவிட்டால் இது முழுமையான மதிப்புரை ஆகாது. டிரம்மைத் திறந்ததும் பிரேக் தூசியைக் காற்றுக் குழாயால் ஊதிச் சுத்தம் செய்தார்கள். உதவியாளர் முகத்தில் துணிகூட இல்லை. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும்; இல்லாவிட்டாலும் அந்தத் தூசி நுரையீரலுக்குள் போகக் கூடாத பொருள். பிரேக் கிளீனர் தெளித்தோ ஈரத் துணியால் துடைத்தோ எடுக்க வேண்டியதை ஊதுவது, அந்தப் பையனின் உடல்நலத்தோடு விளையாடுவது. இதை நேரிலேயே சொன்னேன், மாற்றிக்கொள்வதாகச் சொன்னார். நட்டை முடுக்க, முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச் பயன்படுத்தவில்லை என்பது அடுத்த குறை. ஸ்பேசர் வைத்த இந்த அமைப்பில் நட்டைக் கையேட்டில் சொல்லப்பட்ட அளவுக்கு முடுக்க வேண்டும். கைப்பழக்கம் எவ்வளவு தேர்ந்ததாக இருந்தாலும் அளவுகோலுக்கு ஈடாகாது. எழுத்தில் பில் தருவதில்லை, உத்தரவாதமும் வாய்ச்சொல்தான். பாகங்களின் ரசீது என் பெயரில் இருப்பதால் அந்த அளவுக்கு எனக்குப் பிடிமானம் உண்டு. உட்கார ஒரு பெஞ்சு மட்டுமே இருக்கிறது. லேத் கடையில் கூட்டம் இருந்தால் மாலை வரை காத்திருக்க நேரும்.

வேலை முடிந்து எடுத்த நேரத்திலிருந்து உறுமல் அடியோடு நின்றுவிட்டது. ஆலங்குளம், பாவூர்சத்திரம் வழியாகத் தென்காசிக்கும், அம்பாசமுத்திரம் வழியாகப் பாபநாசத்துக்கும் குடும்பத்தோடு ஓட்டியாயிற்று. பின்னிருக்கையில் அம்மா பேசுவது இப்போது ஓட்டுகிற எனக்குத் தெளிவாகக் கேட்கிறது. இடது பின் டயரில் இருந்த முள் தேய்மானம் மட்டும் அப்படியே இருக்கிறது. முன்னால் மாறிவிட்டதால் அதன் மெல்லிய சத்தம் இப்போது முன்பக்கம் கேட்கிறது. பேரிங்கின் உறுமல் அதை முன்பு மறைத்திருந்தது. டயர் ஆயுள் முடியும் வரை அது இருக்கத்தான் செய்யும், ஆபத்தானதல்ல.

இந்த வகைச் சோதனைக்கு எந்தப் பட்டறைக்குப் போவதானாலும் காலையில் முதல் ஆளாகப் போவது நல்லது. மதியத்துக்கு மேல் போனால் சாலையில் ஓட்டிப் பார்க்க மெக்கானிக்குக்கு நேரம் இராது. போவதற்கு முன் டிக்கியைக் காலி செய்து, டயர்களில் காற்றைச் சரியான அளவுக்கு வைத்து, சத்தம் எந்த வேகத்தில் தொடங்குகிறது, எந்தப் பக்கம் திருப்பினால் கூடுகிறது என்ற இரண்டையும் குறித்துக்கொண்டு போங்கள். ஓட்டிப் பார்க்காமலும் சக்கரத்தைத் தூக்காமலும் எந்தப் பாகத்தையாவது மாற்றச் சொன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். கழற்றிய பழைய பேரிங்கைக் கேட்டு வாங்கிக் கையில் சுற்றிப் பாருங்கள்.